கார்பன் மோனாக்சைடிலிருந்து ஹைட்ரஜன்: குமரி மாவட்டத்துப் புது ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்பன் மோனாக்சைடும் நீராவியும் தகுந்த சூட்டில் ஒரு வினையூக்கியின் மேல் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு நீர்வாயு மாற்ற வினை என்று பெயர். உரத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் சுருக்கமாக ‘ஷிப்ட்’ என்பார்கள். உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி, நாப்தா இவற்றிலிருந்து வருகிறது. அந்த வழிகள் எல்லாவற்றிலும் ஷிப்ட் ஒரு கட்டாயக் கட்டம்.

நாகர்கோவில், சுங்கான்கடை, குமாரகோவில் பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியலோ கெமிக்கல் இன்ஜினியரிங்கோ படித்துவிட்டு, இறுதியாண்டு புராஜெக்ட்டாகவோ ஆராய்ச்சித் தொடக்கமாகவோ இந்த வினையை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் மாவட்டத்துக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கிழக்கே தூத்துக்குடியில் அமோனியா தயாரிக்கும் ஸ்பிக் உரத் தொழிற்சாலை இருக்கிறது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் கிரையோஜெனிக் இன்ஜின்கள் திரவ ஹைட்ரஜனில் சோதிக்கப்படுகின்றன. வீட்டுக்கு வீடு தேங்காய்ச் சிரட்டை கிடக்கிறது. அதை வாயுவாக்கினால் கார்பன் மோனாக்சைடு வரும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம் என்ற உலோகம் இருக்கிறது. அது இந்த வினைக்கான புதிய வினையூக்கிகளில் முக்கியமான பொருள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வீட்டிலோ தோட்டத்து ஷெட்டிலோ செய்து பார்க்கும் சோதனை இல்லை. ஃபியூம் ஹூட் (நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அறை), வாயு எச்சரிக்கைக் கருவி, அனுபவமுள்ள வழிகாட்டி மூன்றும் உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்ய வேண்டியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள்.

முதல் படி: காகிதத்தில் கணக்கு

சிலிண்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மாலைப்பொழுதைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு, ஒரு மோல் நீராவியோடு சேர்ந்து ஒரு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. எடையில் பார்த்தால் 28 கிராமும் 18 கிராமும் போய் 2 கிராமும் 44 கிராமும் வருகிறது. அதாவது 1 கிலோ கார்பன் மோனாக்சைடு முழுதும் மாறினால் கிடைக்கும் ஹைட்ரஜன் 72 கிராம்தான், கூடவே 1.57 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வரும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பிறகு யார் பெரிய எண்களைச் சொன்னாலும் சரிபார்க்க முடியும்.

இரண்டு பக்கமும் மோல் எண்ணிக்கை சமம் என்பதால் அழுத்தம் சமநிலையை அசைக்காது. நைட்ரஜன் கலந்திருந்தாலும் அசைக்காது. அசைப்பவை இரண்டு: வெப்பநிலை, நீராவியின் அளவு. வினை ஒரு மோலுக்கு 41 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே சூடு குறையக் குறைய சமநிலை ஹைட்ரஜன் பக்கம் சாயும். சமநிலை மாறிலி, அதாவது வினை எவ்வளவு தூரம் ஹைட்ரஜன் பக்கம் போகும் என்று காட்டும் எண், 200 டிகிரி செல்சியஸில் 200ஐ ஒட்டி இருக்கிறது. 400 டிகிரியில் 12ஐ ஒட்டி. 800 டிகிரிக்குப் போனால் 1க்கு வந்துவிடுகிறது.

இதை நீங்களே மாற்றுவிகிதமாகப் போட்டுப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடும் நீராவியும் ஒன்றுக்கு ஒன்று என்றால் 400 டிகிரியில் அதிகபட்சம் 77 சதவீதம்தான் மாறும். நீராவியை மூன்று மடங்காக்கினால் அதே சூட்டில் 96 சதவீதம். 200 டிகிரியில் மூன்று மடங்கு நீராவியோடு 99.8 சதவீதம். உள்ளே போகும் வாயுவிலேயே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் இருந்தால் இந்த எண்கள் இறங்கும். 150 முதல் 450 டிகிரி வரை ஒரு வளைகோடாக வரைந்து ஆய்வகச் சுவரில் ஒட்டிவையுங்கள். உங்கள் அளவீடு எதுவும் அந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. போனால் கருவியில் பிழை இருக்கிறது.

வினையூக்கி இந்தக் கோட்டை மாற்றாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. வினையூக்கி என்பது ஊருக்குப் போட்டுத் தரும் நல்ல சாலை போல. சீக்கிரம் கொண்டு சேர்க்கும், ஊரை நகர்த்தி வைக்காது. அப்படியானால் குறைந்த சூட்டில் ஓட்டினால் போதுமே என்று தோன்றும். குறைந்த சூட்டில் வினை மந்தமாகிவிடும். சமநிலை ஒரு பக்கம் இழுக்கிறது, வேகம் மறுபக்கம் இழுக்கிறது. ஷிப்ட் தொழில்நுட்பத்தின் வரலாறே இந்த இழுபறிக்குத் தீர்வு தேடிய கதைதான்.

இரண்டாம் படி: எந்த வினையூக்கி?

நீராவியைச் சூடான கரியின் மேல் விட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு-ஹைட்ரஜன் கலவைக்கு நீர்வாயு என்று பெயர். அதை 1780இல் இத்தாலிய அறிஞர் ஃபெலிசே ஃபொன்டானா கண்டறிந்தார். ஆனால் ஷிப்ட் தொழிலாக மாறியது அமோனியாவுக்கு ஹைட்ரஜன் தேவைப்பட்ட பிறகுதான். 1910களில் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் கார்ல் போஷ் குழுவினர் இரும்பு ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்த வினையூக்கியைக் கொண்டுவந்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. 310 முதல் 450 டிகிரி வரை வேலை செய்யும். அசுத்தம் கலந்த வாயுவையும் ஓரளவு தாங்கும். வெளியே வரும் வாயுவில் 2 முதல் 4 சதவீதம் கார்பன் மோனாக்சைடு மிஞ்சும். 1960களின் தொடக்கத்தில் தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் சேர்ந்த வினையூக்கி புழக்கத்துக்கு வந்தது. அது 200 முதல் 250 டிகிரியில் வேலை செய்து, மிச்சத்தை 0.1 முதல் 0.3 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது.

தொழிற்சாலையில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார்கள். முதல் கலத்தில் அதிக சூடு, அதிக வேகம். பெரும்பகுதி அங்கே முடிந்துவிடும். பிறகு வாயுவைக் குளிர்வித்து இரண்டாம் கலத்தில் தாமிரத்தின் மேல் அனுப்புகிறார்கள். உலர் வாயுவில் ஒவ்வொரு 1 சதவீதக் கார்பன் மோனாக்சைடு மாறும்போதும் வாயுவின் சூடு ஏறக்குறைய 8 முதல் 10 டிகிரி ஏறும். மொத்தத்தையும் தாமிரத்தின் மேலேயே விட்டால் அது தன் சூட்டிலேயே கெட்டுவிடும். இரும்பை முன்னால் வைப்பதற்கு அது ஒரு காரணம்.

கந்தகம் நிறைந்த நிலக்கரி வாயுவுக்கு மூன்றாவதாக ஒரு வகை உண்டு: கோபால்ட்-மாலிப்டினம் சல்பைடு. மற்றவற்றுக்கு நஞ்சான கந்தகம் இதற்கு வேலை செய்யவே தேவை.

புதியவர்களுக்கு என் பரிந்துரை தாமிரம்தான். சூடு குறைவு, மாற்றம் அதிகம், கணக்குச் சரிபார்ப்பது எளிது. இரும்பு-குரோமியத்தில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருக்கக்கூடும்; அது புற்றுநோய் உண்டாக்குவது. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அதைத் தூளாக்கிச் சலிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மூன்றாம் படி: பாதுகாப்பு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல் இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். எட்டு மணி நேர வேலைக்கு 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) என்பது வழக்கமான உச்ச வரம்பு. 1,200 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டது. தலைவலி வந்தால் வெளியேறலாம் என்று நினைக்காதீர்கள். தலைவலி வரும்போது தெளிவாக யோசிக்கும் திறனும் குறைந்திருக்கும்.

அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியது. கீழே தங்காது, மேலே போய்விடாது, அறை முழுதும் கலக்கும். எனவே அதன் எச்சரிக்கைக் கருவியை மூக்கு உயரத்தில் வையுங்கள்; சட்டையிலும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் மேலே ஏறும்; அதற்கான கருவி கூரையருகே இருக்க வேண்டும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் தீப்பற்றும். கார்பன் மோனாக்சைடுக்கு அது 12.5 முதல் 74 சதவீதம்.

தூய கார்பன் மோனாக்சைடு சிலிண்டர் வாங்க வேண்டாம். நைட்ரஜனில் 10 சதவீதம் கலந்தது போதும். வாயு விற்பவரிடம் அலுமினியச் சிலிண்டரில் கேளுங்கள். எஃகுச் சிலிண்டரில் நாளடைவில் இரும்புக் கார்பனைல் உண்டாகும். அது வினையூக்கியின் மேல் வந்து சிதைந்து இரும்பாகப் படியும்; பிறகு நீங்கள் அளப்பது எந்த உலோகத்தின் வேலை என்றே தெரியாமல் போகும். நிக்கல் பொருத்துகளை இந்த வாயு போகும் குழாயில் எங்கும் வைக்காதீர்கள். நிக்கல் கார்பனைல் கார்பன் மோனாக்சைடைவிடப் பலமடங்கு கொடியது.

அப்புறம் மின்வெட்டு. ஆனி, ஆடியில் காற்றும் மழையும் அடித்தால் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடு வரும் குழாயில், மின்சாரம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு ஒன்று கட்டாயம். நைட்ரஜன் குழாயில் இதற்கு எதிர்மாறாக, கரண்ட் போனதும் திறக்கும் வால்வு. இரண்டும் சேர்ந்தால் ஆள் இல்லாத நேரத்திலும் கலம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். எச்சரிக்கைக் கருவிகளை யுபிஎஸ்ஸில் இணையுங்கள்.

நான்காம் படி: வினையூக்கி தயாரிப்பு

இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். தாமிரம், துத்தநாகம், அலுமினியம் மோல் கணக்கில் 60, 30, 10 என்ற விகிதம் நல்ல தொடக்கம். தாமிர நைட்ரேட் மூநீரேறு 14.5 கிராம், துத்தநாக நைட்ரேட் அறுநீரேறு 8.9 கிராம், அலுமினியம் நைட்ரேட் ஒன்பதுநீரேறு 3.75 கிராம் எடுத்து, அயனி நீக்கிய நீர் 100 மி.லி.யில் கரையுங்கள். இன்னொரு குவளையில் சோடியம் கார்பனேட் கரைசல். மூன்றாவது குவளையில் கொஞ்சம் அயனி நீக்கிய நீரை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே, இரண்டு கரைசல்களையும் ஒரே நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிஎச் 7க்கும் 8க்கும் நடுவே நிற்கட்டும். அவசரப்பட்டு ஒன்றை மொத்தமாகக் கொட்டினால் ஒவ்வொரு உலோகமும் தனித்தனியே வீழ்படிவாகும். பிறகு என்ன செய்தாலும் நெருங்கிய கலவை கிடைக்காது.

விட்டு முடித்ததும் அதே சூட்டில் ஒன்று இரண்டு மணி நேரம் கலக்கிக்கொண்டே இருங்கள். நீலமாக இருந்த கூழ் பச்சை கலந்த நீலத்துக்கு மாறும். உள்ளே படிக அமைப்பு மாறுவதன் அடையாளம் அது. நிறம் மாறும் முன் வடிகட்டினால் பிறகு தாமிரத் துகள்கள் பெரிதாகிச் செயல்திறன் குறையும்.

அடுத்தது கழுவுதல். சோடியம் மிஞ்சினால் செயல்திறன் சரியும். வடிநீரின் மின்கடத்துதிறன் கழுவப் பயன்படுத்திய நீரின் அளவை நெருங்கும் வரை திரும்பத் திரும்பச் சூடான அயனி நீக்கிய நீரில் கழுவுங்கள். இந்த இடத்தில் நம் மாவட்டத்து ஆய்வகங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: குளோரைடு. கடலை ஒட்டிய ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்க்கும். காற்றிலேயே உப்பு வரும். குளோரைடு தாமிரத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்கும். துத்தநாகத்தோடும் சேர்ந்து எளிதில் உருகும் சேர்மத்தைத் தரும். மிகச் சிறு அளவே போதும். ஆகவே குழாய் நீர், கடையில் வாங்கும் சலவைச் சோடா, ‘நல்ல தண்ணி’ என்று கேனில் வருவது எதுவும் வேண்டாம். கடைசி வடிநீரில் இரண்டு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். வேதிப்பொருளாகவும் நைட்ரேட் உப்புகளையே வாங்குங்கள். விலை குறைவு என்று தாமிரக் குளோரைடு வாங்கிவிடாதீர்கள்.

கழுவியதை 110 டிகிரியில் இரவு முழுதும் உலர்த்தி, 350 டிகிரியில் மூன்று மணி நேரம் காற்றில் சுட்டெடுங்கள். ஏறக்குறைய 7.7 கிராம் கறுத்த தூள் வர வேண்டும். அதைவிடக் கூடினால் உலர்வோ சுடுதலோ முழுமையில்லை. மிகவும் குறைந்தால் வீழ்படிவு முழுதாக வரவில்லை, அல்லது கழுவும்போது போய்விட்டது. தூளை அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, 250 முதல் 400 மைக்ரான் வரையுள்ள துகள்களைச் சலித்து எடுத்து, இறுக்கமான மூடியுள்ள புட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. திறந்த தட்டில் விட்டால் ஈரம் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: கலத்தை அமைத்தல்

பத்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குவார்ட்ஸ் குழாய் போதும். வினையூக்கி 1 கிராம். அதோடு நான்கைந்து கிராம் குவார்ட்ஸ் மணல் கலந்து நடுவில் நிரப்பி, மேலும் கீழும் குவார்ட்ஸ் பஞ்சு வையுங்கள். மணலைக் கலப்பது வெப்பத்தைப் பரப்பத்தான். 10 சதவீத வாயு முழுதும் மாறி, வெப்பம் வெளியே போகவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் சூடு 80 முதல் 100 டிகிரி ஏறும். தாமிரம் 250 டிகிரிக்கு மேல் துகள் பெருக்கத் தொடங்கும். எனவே வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் நுனி, வினையூக்கியும் மணலும் சேர்ந்த படுகைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். உலையின் காட்சித்திரையில் தெரியும் எண் உலையின் சூடு. உங்கள் வினையூக்கியின் சூடு வேறாக இருக்கலாம்.

நீராவிதான் சிறு அமைப்புகளில் பெரிய தலைவலி. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 மி.லி. கலவை வாயு என்றால் அதில் கார்பன் மோனாக்சைடு 8 மி.லி. மூன்று மடங்கு நீராவி என்றால் 24 மி.லி. ஆவி. அதைத் திரவ நீராக மாற்றினால் மணிக்கு ஒரு மி.லி.யை ஒட்டி வரும். இவ்வளவு சிறிய அளவைப் பம்பு கொண்டு சீராகச் செலுத்துவது கடினம். சொட்டாக விழுந்து குபீரென்று ஆவியாகும். அளவீடு ஏறி இறங்கும். அதைவிட வாயுவைச் சூடான நீருக்குள் குமிழவிடுவது நல்லது. மொத்தத்தில் 23 சதவீதம் ஆவி வேண்டும் என்றால் நீரின் வெப்பநிலை 63 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு நல்ல வாட்டர் பாத் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் குப்பியிலிருந்து கலம் வரையுள்ள குழாய் முழுதையும் ஹீட்டிங் டேப் சுற்றி 120 டிகிரிக்கு மேல் வையுங்கள். ஓர் அங்குலம் விட்டுப்போனாலும் அங்கே நீர் கோத்து, நீங்கள் நினைக்கும் நீராவி விகிதம் கலத்துக்குப் போய்ச் சேராது.

இந்த அளவில், மணலைச் சேர்க்காமல் வினையூக்கியின் பருமனை மட்டும் எடுத்தால், மணிக்கு அதைப்போல் ஏறக்குறைய 6,000 மடங்கு வாயு கடக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிடும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது இல்லாமல் ‘95 சதவீதம் மாறியது’ என்று சொல்வதற்குப் பொருளில்லை.

வெளியே வரும் வாயு பனிக்கட்டியில் குளிர்த்திய பொறியில் நீரை விட்டு, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப்புக்குப் போகட்டும். அங்கே கடத்துவாயுவாக ஆர்கான் பயன்படுத்துங்கள். வெப்பக் கடத்தல் உணரியில் ஹீலியமும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய ஒரேபோல் நடந்துகொள்வதால், ஹீலியத்தில் ஹைட்ரஜன் உச்சியை நம்பி அளக்க முடியாது.

எல்லாம் பொருத்தியபின் நைட்ரஜனில் அழுத்தம் ஏற்றி, சோப்பு நீர் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் கசிவு பாருங்கள். பிறகு வெறும் குவார்ட்ஸ் மட்டும் நிரப்பி, கார்பன் மோனாக்சைடு விட்டு ஒருமுறை ஓட்டுங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. இந்த வெற்று ஓட்டத்தைப் பலர் தவிர்க்கிறார்கள். வாயு வந்து போகும் எஃகுக் குழாயின் சுவரே கொஞ்சம் வினை செய்வதை இது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆறாம் படி: ஒடுக்கம்

புட்டியில் இருப்பது தாமிர ஆக்சைடு. வேலை செய்யப்போவது தாமிர உலோகம். ஹைட்ரஜன் விட்டு ஆக்சைடை உலோகமாக்குவதும் வெப்பம் தரும் வினைதான். ஒரு மோலுக்கு 80 கிலோஜூலுக்கு மேல், அதாவது ஷிப்ட் வினையைப்போல் இரு மடங்கு. ஒரு வினையூக்கியின் ஆயுள் பெரும்பாலும் இந்தச் சில மணி நேரத்தில் தீர்மானமாகிறது.

நைட்ரஜனில் 2 சதவீத ஹைட்ரஜன், நிமிடத்துக்கு 50 மி.லி. 120 டிகிரியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 220 வரை ஏற்றுங்கள். படுகையின் சூடு உலையைவிடத் திடீரென 10 டிகிரி கூடினால் ஏற்றத்தை நிறுத்தி, தணியும் வரை காத்திருங்கள். ஒரு கிராம் வினையூக்கியில் தாமிர ஆக்சைடு 0.62 கிராம் இருக்கிறது. அதற்கு 190 மி.லி. ஹைட்ரஜன் வேண்டும். மேலே சொன்ன வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றினால் முடியவில்லை என்று பொருள். உள்ளே போகும் ஹைட்ரஜனும் வெளியே வரும் ஹைட்ரஜனும் சமமாகும் வரை விடுங்கள்.

இதன்பிறகு அந்தத் தாமிரம் காற்றைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தானே பற்றிச் சூடேறும்.

ஏழாம் படி: ஓட்டம்

நைட்ரஜனில் ஹைட்ரஜனை வெளியேற்றி, சூட்டை 200இல் நிறுத்துங்கள். முதலில் வாயுக் கலவையை இன்னும் நைட்ரஜன் சேர்த்து 2 சதவீதக் கார்பன் மோனாக்சைடாக்கி, நீராவிக் குப்பி வழியாக விடுங்கள். படுகை அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிறிது சிறிதாக 10க்குக் கொண்டுபோங்கள். நீராவி இல்லாமல் கார்பன் மோனாக்சைடை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு மணி நேரமாவது நிலைக்கவிட்டு, தொடர்ந்து மூன்று அளவீடுகள் ஒத்துவந்த பின்னரே குறித்துக்கொள்ளுங்கள். 180, 200, 220, 240 என்று ஏறி, கடைசியில் மறுபடி 200க்கு வாருங்கள். முதலில் 200இல் கிடைத்த எண் திரும்பவும் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் நடுவில் வினையூக்கி கெட்டிருக்கிறது. ஏறும்போது எடுத்த எண்களை அப்படியே நம்ப முடியாது.

கணக்கில் ஒரு சிறு பொறி உண்டு. நீரை நீக்கிய வாயுவில் ஹைட்ரஜன் கூடுதலாக வந்திருப்பதால் மொத்தப் பருமன் பெருகிவிடும். 80 மி.லி. உலர் வாயு உள்ளே போய் 90 சதவீதம் மாறினால் வெளியே வருவது 87.2 மி.லி. கார்பன் மோனாக்சைடின் சதவீதத்தை மட்டும் முன்னும் பின்னும் ஒப்பிட்டால் 90.8 என்று தவறாக வரும். கார்பன் டை ஆக்சைடை, அதுவும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள்; சரியாக வரும். கூடவே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஒன்றுக்கு ஒன்று வருகிறதா என்று பாருங்கள். ஹைட்ரஜன் குறைந்தால் மீத்தேன் உண்டாகிறது அல்லது எங்கோ கசிகிறது. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் குளிர்பொறியின் நீரில் கரைந்திருக்கலாம்.

நிறுத்தும்போது முதலில் கார்பன் மோனாக்சைடு, அடுத்து நீராவி, பிறகு உலர் நைட்ரஜன் மட்டும். நீராவி உள்ளே இருக்கும்போதே குளிரவிட்டால் துளைகளில் நீர் கோத்து வில்லைகள் நொறுங்கும்.

சிரட்டையைப் பற்றி

இந்த மாவட்டத்தில் ஷிப்ட் என்றதும் அடுத்த கேள்வி சிரட்டையைப் பற்றித்தான் வரும். அது நியாயமான கேள்வி. காற்று ஊதி மரப்பொருளை வாயுவாக்கினால் 18 முதல் 22 சதவீதம் கார்பன் மோனாக்சைடும் 15 முதல் 20 சதவீதம் ஹைட்ரஜனும் வரும், பாதி நைட்ரஜன். காய்ந்த சிரட்டை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2.5 கனமீட்டர் வாயு. ஷிப்ட் முழுதாக நடந்தால் ஏட்டுக் கணக்கில் 80 கிராம் ஹைட்ரஜன்.

அந்த வாயுவை நேராகத் தாமிரத்தின் மேல் விட்டால் சீக்கிரமே முடிந்துவிடும். தார் இருக்கும், கந்தகம் இருக்கும். தாமிரம் தாங்கும் கந்தகம் 0.1 பிபிஎம்முக்குக் கீழே. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுபடியும் குளோரைடு. தென்னைக்குக் குளோரின் முக்கியமான ஊட்டம். கன்று வைக்கும் குழியில் நம் ஆட்கள் கல்லுப்புப் போடுவது சும்மா இல்லை. மட்டையிலும் தொண்டிலும் அது சேரும், சிரட்டையிலும் கொஞ்சம் இருக்கும். வாயுவாக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடாக வரும். தொடக்கத்தில் தார் நீக்கி, காரக் கரைசலில் கழுவி, துத்தநாக ஆக்சைடு படுகை வழியாகக் கந்தகத்தை எடுத்த பின்னரே வினையூக்கிக்கு விட வேண்டும். இந்தச் சுத்திகரிப்பு ஒரு தனி புராஜெக்ட்டுக்குப் போதுமான வேலை, ஷிப்ட்டைவிடக் கடினமானதும்கூட. நம் ஊர்ப் பிள்ளைகள் அதை எடுத்துச் செய்தால் உண்மையாகவே பயன்படும்.

சிரட்டைக்கரிக்கு, ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஏற்கெனவே நல்ல சந்தை இருக்கிறது. முப்பந்தல் காற்றாலை மின்சாரத்தில் நீரைப் பிரித்தாலும் ஹைட்ரஜன் வரும். கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் ஆகும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு வராது. ஷிப்ட்டில் கிலோ ஹைட்ரஜனுக்கு 22 கிலோ வருகிறது. சிரட்டையின் கார்பன் மரம் காற்றிலிருந்து எடுத்தது என்பதால் நிலக்கரியோடு அதைச் சமமாக வைக்க முடியாது. இருந்தாலும் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்த முயற்சிக்கு சீரியம்

தாமிரத்தில் கை பழகியபின் சீரியம் ஆக்சைடுக்குப் போங்கள். அது தன் ஆக்சிஜனை எளிதில் கொடுத்து வாங்கும். அதன் மேல் மிகக் குறைந்த பிளாட்டினமோ தங்கமோ தூவினால் ஷிப்ட் வினை நன்றாக நடக்கிறது. காற்றுப் பட்டாலும் தாமிரம்போல் பற்றிக்கொள்ளாது. அடிக்கடி நிறுத்தி ஓட்டும் சிறு கருவிகளுக்கு அதனால்தான் இதன் மேல் ஆர்வம். மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் அதிகம் இருப்பதும் சீரியமே. ஆனால் மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது, அது கதிரியக்கப் பொருள். கடற்கரை மணலை அள்ளிவந்து பிரிக்க முயல்வது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. சீரியம் நைட்ரேட்டை வேதிப்பொருள் கடையில் வாங்குங்கள்.

மேற்பரப்பளவு, படிக அளவு போன்றவற்றை அளக்கக் கருவி இல்லையென்றால் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள என்ஐஐஎஸ்டி, காரைக்குடியில் உள்ள செக்ரி போன்ற ஆய்வகங்களை உங்கள் துறைத்தலைவர் கடிதத்தோடு அணுகலாம். பயன்படுத்திய தாமிர வினையூக்கியை அனுப்பும் முன், அறை வெப்பநிலையில் நைட்ரஜனில் 1 சதவீத ஆக்சிஜன் கலந்து சில மணி நேரம் விட்டு, காற்றில் பற்றாதபடி மேற்பரப்பை மந்தமாக்குங்கள். படுகைச் சூடு ஏறாமல் நிலைத்தபின் வெளியே எடுத்து, கண்ணாடிப் புட்டியில் அடைத்து, சேர்மானம், ஓட்டிய மணி நேரம், கண்ட உச்ச வெப்பநிலை மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மிச்சத்தைக் குப்பையிலோ தொட்டி நீரிலோ போடாமல் அபாயக் கழிவுக்கான கலத்தில் சேர்த்துவிடுங்கள்.